சிசிலி உப்பும் ஒரு சுடுநீர்க் குழாயும்

பன்னிரண்டு வருடம் நான் கல் அறுத்தேன். கோயிலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் இப்படித்தான் சொல்வேன். "கல்லுடைக்கவோ கனடாவுக்கு வந்தனீங்கள்?" என்று சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். கேட்பவருக்குப் பொறுமை இருந்தால் மிச்சத்தையும் சொல்வேன். மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் பகுதியில், ஆராய்ச்சிக்கு வருகிற கற்களை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவிப் போகிற அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பது என் வேலை. தலைமயிரின் தடிப்பைவிட மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் கூடத் தேய்த்தால் கல் காணாமல் போய்விடும்.

இந்த வசந்தத்தில் ஓய்வு பெற்றேன். என் அறுவை இயந்திரத்தை எடுத்துவிட்டுத் தானாகவே அறுத்துத் தேய்க்கிற புதிய இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வந்த இரண்டு பெண்கள் பிரியாவிடைச் சாப்பாட்டில் என்னைக் கேட்டார்கள்: "இத்தனை வருடத்தில் உங்கட நெஞ்சு படபடத்த நாள் எது?" ஒரு நொடியும் யோசிக்காமல் "உப்பு வந்த குளிர்காலம்" என்றேன். சாப்பாடு ஆறுவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் மன்னாரைச் சேர்ந்தவள். எண்பதுகளின் முடிவில் இங்கே வந்து, மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும் தொழிற்சாலையில் எட்டு வருடம் நின்றேன். அது மூடப்பட்டபோது எனக்குத் தெரிந்தது தேய்ப்பது மட்டும்தான். ஒரு விளம்பரத்தில் 'தேய்ப்பு வேலையில் அனுபவம்' என்று இருந்ததைப் பார்த்து விண்ணப்பித்தேன். அது கல் தேய்க்கிற வேலை என்பது நேர்முகத்துக்குப் போன பிறகுதான் தெரியும்.

நேர்முகம் செய்தவர் ஜிசேல், ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர். உயரமான கியூபெக் பெண்மணி, கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒரு சுண்ணாம்புக் கல்லைத் தந்து, "தேய்த்துக் காட்டுங்கோ" என்றார். (எங்களுக்குள் பிரெஞ்சில்தான் பேச்சு. ஞாபகத்தில் அது என் தமிழாகத்தான் வருகிறது, அப்படியே தருகிறேன்.) அரை மணித்தியாலம் தேய்த்தேன். பார்த்தார். "சரி, திங்கட்கிழமை வாங்கோ."

ஜிசேலிடம் மூன்று சட்டங்கள் இருந்தன. ஊகிக்கக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும். எந்தக் கல் வந்தாலும் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வைக்க வேண்டும். நடந்த எல்லாவற்றையும் பச்சை அட்டைக் கொப்பியில் எழுத வேண்டும். எழுதுகிறபோது முக்கியம், முக்கியமில்லை என்று பிரிக்கக் கூடாது. ஒருநாள் அறுவை எண்ணெய்ப் போத்தலின் மூடி இறுக்கமாக இருந்ததைக்கூட அவர் எழுதியிருந்ததைப் பார்த்து மனதுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு விலை கொடுக்கிற காலம் ஆறு வருடம் கழித்து வந்தது.

அது இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு ஜனவரி. பேராசிரியர் கார்மெலோ ஒரு மரப்பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவருடைய தாய் தகப்பன் சிசிலியில் இருந்து வந்து குடியேறியவர்கள். குட்டையான மனிதர். கைகளைக் கட்டிவிட்டால் அவருக்குப் பேச வராது என்று ஜிசேல் சொல்வார்.

"ரெஜினா! உங்களுக்கு உப்புக் கொண்டு வந்திருக்கிறன்!"

பெட்டிக்குள் முழங்கை நீளத்துக்கு ஓர் உருளை. சிசிலியில் ஒரு சுரங்கத்தில் துளையிட்டு எடுத்தது. அனுமதி வாங்கவே இரண்டு வருடம் ஆனதாம். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி போல ஒரு பட்டை, பால் கலந்தது போல ஒரு பட்டை, மறுபடி கண்ணாடி, மறுபடி பால். நான் அறுத்த கற்களில் இவ்வளவு அழகாக எதுவும் வந்ததில்லை.

மேசையைக் கடல் ஆக்கிக் கார்மெலோ எனக்கு விளக்கினார். என் கோப்பிக் கோப்பை ஸ்பெயின், எண்ணெய்ப் போத்தல் மொரொக்கோ. "இங்க, ஜிப்ரால்டரில, நிலம் மெல்ல மெல்ல எழும்பினது. அத்திலாந்திக் தண்ணி வாறது நிண்டு போச்சு. ஐம்பது இலட்சம் வருசத்துக்கும் முந்தி! மத்தியதரைக் கடலுக்கு ஆறுகள் கொண்டு வாற தண்ணி காணாது. வெயில் குடிச்சுக் குடிச்சுக் கடல் இறங்கிப் போச்சு. அடியில உப்பு, மலை மலையா உப்பு. பேந்து ஒரு காலத்தில அத்திலாந்திக் உடைச்சுக்கொண்டு திரும்ப வந்தது." ஸ்பெயின் கவிழ்ந்து கோப்பி மேசையெல்லாம் ஓடியது. அவர் கவனிக்கவேயில்லை. "அந்த அடித்தளத்தில ஒரு துண்டு எழும்பித்தான் இண்டைக்குச் சிசிலியில மலையா நிக்குது. மலைக்குள்ள இருந்து வந்தது இது!"

உப்புப் பளிங்கு வளரும்போது சுற்றியிருக்கும் கடல்நீரில் நுண்ணிய துளிகளைத் தனக்குள் சிறைப்பிடித்துக்கொள்ளும். பால்நிறப் பட்டை முழுவதும் அந்தத் துளிகள்தான். உப்பைக் கடுங்குளிரில் வைத்தால் துளிக்குள் நீர் சுருங்கி, ஒரு சிறு குமிழி தோன்றும். பிறகு மிக மெதுவாகச் சூடேற்றினால் குமிழி சிறுத்துக்கொண்டே வந்து ஒரு கணத்தில் மறைந்துவிடும். அது மறைகிற சூடுதான் அந்தத் துளி சிறைப்பட்ட அன்றைக்குக் கடலின் சூடு. இதைக் கேட்டபோது எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. மனிதரே இல்லாத காலத்து ஒரு பகலின் வெயிலை அளக்கப் போகிறோம்!

ஜிசேல் முதலில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தன் அறையில் இருந்த குளிர்பெட்டியில் பூட்டினார். மிச்சத்தை நான் அறுத்தேன். உப்புக்குத் தண்ணீர் ஆகாது, கரைந்துவிடும். எண்ணெய் விட்டு, வழக்கத்தில் பாதி வேகத்தில் அறுத்தேன். ஒட்டுகிற பிசின் காய்வதற்கு இரண்டு நாள் வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் பகுதியின் வெப்பக் குழாயைத் திருத்துவதற்காக அந்த வாரம் மூடி வைத்திருந்தார்கள். மேசை முழுவதும் வேறு மாதிரிகள் பரப்பிக் கிடந்ததால் உப்புத் துண்டுகள் இருந்த தட்டத்தைச் சுவரோரத் தட்டில் வைத்துவிட்டுப் போனேன். திங்கட்கிழமை வந்து எடுத்தபோது தட்டத்தின் அடி இளஞ்சூடாக இருந்தது போலக் கைக்குப் பட்டது. வெளியில் இருந்து வந்த குளிர்ந்த கைக்கு எதுவும் சூடாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். கொப்பியில் எழுதவில்லை.

பத்து நாள் கழித்துக் கார்மெலோ ஆய்வுகூடத்துக்குள் ஓடி வந்தார். உண்மையிலேயே ஓடினார். கையில் ஒரு வரைபடம், பின்னால் அவருடைய மாணவர் ஒருவர் இத்தாலியப் பலகாரப் பெட்டியோடு. "நாப்பது பாகையைத் தாண்டினது! எல்லாத் துளியும் நாப்பதைத் தாண்டினது! கொதிக்கிற கடல், ரெஜினா!" பகுதி முழுவதும் கூடிவிட்டது. என் வாயில் பலகாரம் ஒன்றைத் திணித்தார். மூன்று வாரத்தில் இத்தாலியில் ஒரு மாநாடு, அங்கே இதைச் சொல்லப் போகிறார். வரைபடத்தை என் மேசைக்கு மேலேயே ஒட்டினார். "அறுத்தவர் நீங்கள். உங்களுக்கு முன்னாலதான் இது தொங்க வேணும்."

நான் அன்று முழுவதும் பூரித்துப் போய் இருந்தேன். வில்லரேயில் பேருந்தால் இறங்கி வீட்டுக்கு நடந்து போகும்போதுகூட வழியில் மூலைக் கடைக்காரருக்கு மத்தியதரைக் கடல் வற்றிய கதையைச் சொன்னேன்.

அடுத்த நாள் வேலை செய்தபடி அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ இடித்தது. புள்ளிகள் எல்லாம் ஓரிடத்தில் நெருங்கி நின்றன. கீழே ஒன்றுமில்லை, மேலேயும் ஒன்றுமில்லை. மன்னாரில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் உப்பளம் இருந்தது. காலையில் அந்தப் பாத்தித் தண்ணீர் குளிரும். மத்தியானம் கால் வைக்க முடியாது. ஒரு பாத்திக்கே அப்படி என்றால் இது கடல், மாதக்கணக்கில் வளர்ந்த உப்பு. இரவும் பகலும், கோடையும் மாரியும் இந்தக் கடலுக்கு இல்லாமலா போயின? எல்லாத் துளிக்கும் எப்படி ஒரே சூடு?

அப்போது அந்தத் தட்டத்தின் இளஞ்சூடு என் விரல் நுனிக்கு ஞாபகம் வந்தது.

கட்டடத்தின் வெப்பக் குழாய்களைப் பராமரிப்பவர் சிவம் அண்ணை, யாழ்ப்பாணத்தவர். என்னைக் கண்டால் தமிழ் கதைப்பதற்காகவே இரண்டு நிமிடம் நிற்பார். அவரைத் தேடிக்கொண்டு நிலக்கீழ் அறைக்குப் போனேன்.

"அண்ணை, எங்கட பகுதியில குழாய் திருத்தினீங்கள் எல்லே. அது திரும்பத் திறந்தது எப்ப?"

"அந்தப் பெருங்குளிர் வெள்ளிக்கிழமை. பின்னேரம் அஞ்சரை இருக்கும். ஏன் பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"எவ்வளவுக்குத் திறந்தனீங்கள்?"

"முழுக்கத்தான். ரெண்டு நாள் முழுக்கத் திறந்துதான் விட்டனான். இல்லாட்டித் தண்ணிக் குழாயெல்லாம் உறைஞ்சு வெடிச்சிருக்கும்."

"அந்தச் சுவரோரத் தட்டுக்குக் கீழாலயோ குழாய் போகுது?"

"ஓம். தட்டைத் தொட்டுக்கொண்டுதான் போகுது. கோப்பியை அதில வைச்சால் ஆறவே ஆறாது."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இப்ப என்ன செய்யப் போறாய்?"

"அண்ணை, அண்டைக்கு மாதிரி ஒருக்காத் திறந்து விடுங்கோ. நான் அளந்து பாக்கப் போறன்."

தட்டில் வெப்பமானியை வைத்து அரை நாள் காத்திருந்தேன். வரைபடத்துப் புள்ளிகளைவிட இரண்டு பாகை கூடக் காட்டியது. உப்பைக் கூடுதலாகச் சூடாக்கினால் உள்ளிருக்கும் நீர் விரிந்து, துளியின் சுவரைத் தள்ளிப் பெருக்க வைத்துவிடும். பிறகு அளந்தால் பழைய சூடு வராது. சூடாக்கிய அளவுக்குச் சற்றுக் கீழேதான் வரும். கார்மெலோ அளந்தது சிசிலிக் கடலை அல்ல. எங்கள் சுடுநீர்க் குழாயை.

என் வேலை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். மார்ச் மாதம் ஜிசேல்தான் அறிக்கை எழுதுவார். ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று அன்று பேருந்தில் நினைத்தது உண்மை. ஆனால் அந்தப் புள்ளிகள் கண்ணுக்குள்ளேயே நின்றன. கார்மெலோ ஆயிரம் பேர் முன்னால் நின்று கைகளை ஆட்டி ஆட்டி எங்கள் குழாயைப் பற்றிப் பேசுவார் என்று நினைக்கவே முடியவில்லை.

காலையில் ஜிசேலின் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இளஞ்சூட்டை உணர்ந்ததையும் எழுதாமல் விட்டதையும் சொன்னேன். நான் முடித்ததும் கேட்டார்:

"தட்டின் சூட்டை எங்க வைச்சு அளந்தீங்கள்? நடுவிலயோ, விளிம்பிலயோ?"

"நடுவில."

"விளிம்பையும் அளவுங்கோ."

அளந்தேன். வந்து சொன்னேன். பச்சைக் கொப்பியைத் திறந்து, அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தில், "பின்னர் சேர்த்தது" என்று தலைப்பிட்டு என்னையே எழுத வைத்தார். எழுதும்போது கண்ணீர் ஒரு சொட்டு மையில் விழுந்து பரவியது. ஜிசேல் அதைப் பார்த்துவிட்டு, "இதையும் எழுதுங்கோ. இல்லாட்டி நாளைக்கு ஆரும் எண்ணெய் எண்டு நினைப்பினம்" என்றார். அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். திரும்பி நின்றதால் முகம் தெரியவில்லை.

கார்மெலோவுக்கு ஜிசேலே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். முதன்முதலாக அந்த மனிதரின் கைகள் அசையாமல் கிடந்ததைப் பார்த்தேன். கதிரையில் இருந்துவிட்டார். என்னைப் பார்த்து, "எப்பிடிக் கண்டுபிடிச்சீங்கள்?" என்றார். உப்பளத்துத் தண்ணீரைச் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். "எனக்கு இது படிப்பு! கோடை எங்க, மாரி எங்க எண்டு நான் கேட்டிருக்க வேணும். கொதிக்கிற கடல் எண்ட உடன கேக்க மறந்து போனன்." எழுந்து போய் வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். கிழிக்கவில்லை, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

மிச்சம் இருந்தது குளிர்பெட்டியில் பூட்டிய அந்த ஒரு பங்கு. மாநாட்டுக்கு இருந்தது பதினெட்டு நாள்.

"இந்த முறை அறுக்கவே வேண்டாம்," என்றேன் நான். அறுவை அலகு உரசுகிற சூடே ஆபத்து. முதல் துண்டை அறுத்தபோது விழுந்த நொறுக்குகள் எல்லாம் பெட்டி பெட்டியாக, நேரான முகங்களோடு உடைந்திருந்ததைக் கவனித்திருந்தேன். உப்புக்கு இயல்பாகவே பிளக்கிற திசை உண்டு. "சவர பிளேடை வைச்சு மெல்லத் தட்டினால் தானாப் பிளக்கும். பிசினும் தேவையில்லை."

ஜிசேல் நொறுக்கு ஒன்றை எடுத்துப் பிளேடை வைத்துத் தட்டிப் பார்த்தார். பிளந்தது. மேலும் இருபது தடவை தட்டினார். இருபதும் பிளந்தன. "சரி."

சிவம் அண்ணை எங்கள் அறைக் குழாயை அடைத்துவிட்டார். ஜன்னல்கள் இரண்டையும் அகலத் திறந்தோம். பெப்ரவரிக் காற்று உள்ளே வந்தது. உலர்ந்த காற்று, உப்புக்கு அதைவிட நல்லது கிடைக்காது. மூன்று பேரும் குளிர்கால அங்கி, தொப்பி, சப்பாத்தோடு நின்றோம். கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டேன். மூச்சின் ஈரம் உப்பில் படாமல் மூவரும் வாயைச் சால்வையால் கட்டினோம். பிளேடைப் பட்டையோடு ஒட்டிப் பிடித்து, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. டிக். நகத் தடிப்பில் ஒரு தகடு கழன்று விழும். அதைக் கார்மெலோ இடுக்கியால் எடுத்துப் பெட்டியில் வைப்பார். ஜிசேல் எந்தப் பட்டை, எத்தனையாவது தகடு, அறையின் சூடு எவ்வளவு என்று எழுதுவார். நாற்பத்தொரு தகடு. ஒன்றுகூடப் பழுதாகவில்லை. கடைசித் தகடு விழுந்தபோது கார்மெலோ சால்வைக்குள்ளேயே கத்தினார்.

தகடுகளை ஒரு வாரம் கடுங்குளிரில் வைத்தோம். அளக்கிற நாள் வந்தது, சிவம் அண்ணை மறுபடியும் குழாயை அடைத்தார். நுணுக்குக்காட்டியின் முன்னால் கார்மெலோ போய் உட்கார்ந்தார். ஜிசேல் அவர் தோளைத் தட்டினார்.

"நீங்கள் எழும்புங்கோ. நீங்கள் ஆசைப்படுறீங்கள். ஆசைப்படுறவர் பார்க்கக் கூடாது."

"அப்ப ஆர் பாக்கிறது?"

"பிழையைக் கண்டவர் பாக்கட்டும்."

நான் உட்கார்ந்தேன். சூட்டைக் காட்டும் கருவி எனக்குத் தெரியாதபடி திருப்பி வைக்கப்பட்டது. அதை ஜிசேல் பார்த்தார். கார்மெலோவுக்கு எழுதுகிற வேலை மட்டும். கண்ணை வைத்தேன். சின்னஞ்சிறு சதுரத் துளி, அதற்குள் ஒரு கறுத்த குமிழி, துடித்துக்கொண்டு. ஜிசேல் அரைப் பாகை அரைப் பாகையாகச் சூட்டைக் கூட்டினார். குமிழி சிறுத்தது. இன்னும் சிறுத்தது. ஊசி முனை ஆனது. துளிக்குள் இங்கும் அங்கும் ஓடியது. இல்லை.

"போச்சு!" என்று கத்திவிட்டேன். தமிழில்.

அவர்கள் இருவரும் பதறிப்போனார்கள். குமிழி மறைந்துவிட்டது என்று பிரெஞ்சில் சொன்னேன். அடுத்த துளி. "போச்சு!" அதற்கடுத்தது. பத்தாவது துளிக்குப் பிறகு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. நான் "போச்சு" என்றவுடன் ஜிசேல் எண்ணைச் சொல்வார், கார்மெலோ எழுதுவார். நான்கு நாள் அப்படி. என் இடக்கண் வீங்கிவிட்டது, ஐஸ் வைத்துக்கொண்டு பார்த்தேன். எண்கள் என்ன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் கார்மெலோவின் மூச்சு மாறுவது காதில் விழும்.

நான்காம் நாள் மத்தியானம் அவர் புள்ளிகளைப் பட்டைக்குப் பட்டை குறித்து மேசையில் விரித்தார். ஒரு பட்டையில் புள்ளிகள் கீழே, அடுத்ததில் மேலே, பிறகு மெல்லக் கீழே, மறுபடி மேலே. ஒவ்வொரு பட்டைக்குள்ளும் சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வு. நாற்பது எங்கேயும் இல்லை. இன்றைக்குச் சிசிலிக் கரையில் பிள்ளைகள் குளிக்கிற கடலின் சூடுதான் மேலே. ஆட்கள் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு கரையில் நடக்கிற காலத்தின் சூடு கீழே.

"கோடை," என்றார் கார்மெலோ, விரலை வைத்து. "மாரி. கோடை. மாரி." "கொதிக்கவேயில்லை. எங்கட கடல் மாதிரி ஒரு கடல்!" அவருடைய கைகள் இரண்டும் மேலே எழும்பின. என்னையும் ஜிசேலையும் ஒன்றாகக் கட்டிப்பிடித்தார். ஜிசேலை யாரும் கட்டிப்பிடித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அந்த நேரம் பார்த்துச் சிவம் அண்ணை உள்ளே எட்டிப் பார்த்தார். "பிள்ளை, குழாயை இனித் திறக்கலாமோ? பக்கத்து அறையில ரெண்டு பேராசிரியர்மார் கம்பளியோட இருந்து என்னைத் திட்டுகினம்."

அவரைப் பிடித்து இழுத்து வந்து நுணுக்குக்காட்டியில் கண்ணை வைக்கச் சொன்னேன். மிச்சமிருந்த ஒரு துளியைச் சூடேற்றினோம். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். குமிழி மறைந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது எந்தக் காலத்துச் சூடு எண்டாய்?"

"ஐம்பது இலட்சம் வருசத்துக்கும் முந்தி, அண்ணை. ஒரு கோடை நாள்."

"அப்ப அண்டைக்கும் இப்பிடித்தான் வெயில் எறிச்சிருக்கு, என்ன," என்றவர் மறுபடியும் குனிந்து, இனி ஒன்றுமே இல்லாத அந்தத் துளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கார்மெலோ இத்தாலிக்குப் போனார். மடித்து வைத்திருந்த பிழையான வரைபடத்தைத்தான் முதலில் காட்டினாராம். சபை வியந்து முடிந்ததும், "இது மொன்றியலின் ஒரு சுடுநீர்க் குழாய்" என்றாராம். பிறகு சரியானதைக் காட்டி என் பெயரைச் சொன்னாராம். மார்ச்சில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அறிக்கையில் ஜிசேல் எழுதியிருந்தது ஒரே வரி: "தான் காண்பதைச் சொல்பவர்."

அடுத்த வருடம் புதிய அனுமதி கிடைத்தது. எப்படி எடுத்தால் உப்புக்குச் சூடு படாது என்று தெரிந்தவர் உடன் வர வேண்டும் என்று கார்மெலோ பிடிவாதமாக நின்று, ஜிசேலையும் என்னையும் சிசிலிக்குக் கூட்டிப்போனார். தலையில் விளக்குக் கட்டி, வாகனத்தில் மலைக்குள் இறங்கினோம். இறங்கி நின்று விளக்கைத் திருப்பினேன். கோயில் கூரை உயரத்துக்குச் சுவர். சுவர் முழுவதும் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டைகள், வளைந்து வளைந்து, விளக்கொளி எட்டாத தூரம் வரை. என் மேசையில் நாற்பத்தொரு தகடாக இருந்த கடல் இங்கே முழுதாக நின்றது. கார்மெலோ கைகளை விரித்துக்கொண்டு ஓடினார். நான் நின்ற இடத்திலேயே நின்று சத்தமாகச் சிரித்தேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

ஜிசேல் மட்டும் மெல்ல நடந்து சுவருக்குக் கிட்டப் போனார். தலைக் கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது, முப்பது வருட ஆய்வுகூடப் பொறுப்பாளர், நாக்கை நீட்டிச் சுவரை நக்கினார்.

"உப்பு," என்றார். பிறகு கொப்பியை எடுத்து எழுதினார்.